தொட்டி மேசையிலிருந்து ஒரு வரி

“யாருக்கும் தெரியாது” என்று அந்த வகுப்பறையில் கருத்துப் படிவங்களைக் கொடுத்துவிட்டு அருள்தாஸ் மூன்று முறை சொன்னான். முதல் முறை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இரண்டாம் முறை முன்வரிசைப் பெண்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை அவனைச் சொல்ல வைத்தவள் பிரிஸ்கில்லா. கடைசி பெஞ்சில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்று கேட்டாள்.

“சார், கடைசிக் கேள்விக்கு நடந்தத எழுதணுமா, நல்லதா எழுதணுமா?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

“நடந்ததையே எழுதும்மா. இதுல பேரே இல்லியே. யாருக்கும் தெரியாது.”

அவள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். மற்றவர்கள் இரண்டு வரியோடு பேனாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கிய பிறகும் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்ற வேதியியல் ஆசிரியர் மோகன்குமாரின் கண் அந்தக் கடைசி பெஞ்சை விட்டு நகரவில்லை. அருள்தாஸ் அதைக் கவனித்தான். கவனித்ததோடு சரி.

அது ஜனவரி மாதம். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் உள்ளே போனால் வரும் நெல்லேரிப்பாக்கம் அரசு மேல்நிலைப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு.

அருள்தாஸுக்கு வயது இருபத்தாறு. எம்.எஸ்ஸி. வேதியியல், அதற்கு மேல் பி.எட். திருமுக்கூடலுக்கு இந்தப் பக்கம், ஆற்றங்கரையை ஒட்டிய காலனிதான் அவன் ஊர். அப்பா டேனியல் அரிசி ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர். அந்தக் காலனியில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தை டேனியல் வீட்டுக்குள் மாட்டவில்லை. ரோட்டில் போகிறவர்கள் பார்க்கும்படி வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருக்கிறார். மழை பெய்தால் மட்டும் கழற்றி உள்ளே வைப்பார்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அருள்தாஸ் செய்முறைத் தேர்வுக்கு வாங்கியது முப்பதுக்கு முப்பது. அவன் பள்ளியில் அது வழக்கம். யார் வந்தாலும், யார் என்ன செய்தாலும் முப்பது போட்டுவிடுவார்கள். முப்பது வாங்கிக்கொண்டு காஞ்சிபுரம் கல்லூரிக்குப் போனவன், முதல் நாள் ஆய்வகத்தில் பிப்பெட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்றான். ஆய்வக உதவியாளர் எல்லார் காதிலும் விழும்படி, “தம்பி முப்பது மார்க்கு, ஆனா தம்பி இதத் தொட்டதே இல்ல” என்றார். தொட்டிருந்தான். ஆனால் கழுவுவதற்கு மட்டும். பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேசைதான் காலனிப் பிள்ளைகளுக்கு. யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை. அது பாட்டுக்கு நடக்கும்.

அந்த முதல் வருடம் அவன் நான்கு தடவை கல்லூரியை விட்டுவிட நினைத்தான். விடாமல் படித்து முடித்தது வீம்பில்தான்.

ஆகவே, சென்னையில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்குக் களப்பணியாளர் தேவை என்ற அறிவிப்பில் “அறிவியல் வகுப்பு என் இடம் என்று மாணவர் உணர்கிறாரா, அந்த உணர்வு கூடினால் கற்றலும் கூடுமா” என்ற வரியைப் படித்தபோது, இத்தனை வருடம் தன் உடம்பில் இருந்த வலிக்கு யாரோ பெயர் வைத்துவிட்டது போல இருந்தது அவனுக்கு. அன்றைக்கே விண்ணப்பம் போட்டான். வேலையும் கிடைத்தது.

பன்னிரண்டு பள்ளிகள். அவற்றில் ஆறு பள்ளிகளில் ஆய்வக வேலையைச் சுழற்சி முறையில் மாற்றுவது ஏற்பாடு. இந்த வாரம் அளக்கிறவர் அடுத்த வாரம் குறிப்பெடுப்பார், அதற்கடுத்த வாரம் கழுவுவார். மேசைகளும் மாறும். அட்டவணையைச் சுவரில் ஒட்ட வேண்டும். ஜூலை, அக்டோபர், ஜனவரி என்று மூன்று தடவை படிவம் கொடுத்து மாணவர் மனதில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும். நெல்லேரிப்பாக்கம் அந்த ஆறு பள்ளிகளில் ஒன்று.

மூன்று படிவமும் ஒரே பிள்ளையுடையது என்று தெரிய வேண்டும். பெயரும் இருக்கக் கூடாது. அதற்கு ஒரு குறியீடு. அம்மா பெயரின் முதல் எழுத்து, வீடு இருக்கும் தெருவின் முதல் எழுத்து, பிறந்த தேதி. சென்னையில், ஏசி போட்ட அறையில் நடந்த பயிற்சியில் திட்டத் தலைவர் தேவகி மேடம் இதை விளக்கினார். நல்ல மனுஷி. யாரையும் ‘வா, போ’ என்று பேசாதவர். “எத்தனையோ இடத்தில் பயன்படுத்திய முறை. இதை வைத்து யாரையும் கண்டுபிடிக்க முடியாது” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவரையும் தங்கள் குறியீட்டை ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னார்.

அருள்தாஸ் பேனாவை எடுத்தான். அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. நகரத்தில் தெரு என்பது தபால்காரருக்கு மட்டும் வேண்டிய விஷயம். அவன் ஊர்ப் பக்கம் தெருவைச் சொன்னால் ஆளைச் சொல்லியாயிற்று. மிச்சம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அம்மாவின் முதல் எழுத்தும் சேர்ந்தால் வீட்டுக் கதவு எண்ணே வந்துவிடும். எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் தன் தெருவைச் சொல்ல வேண்டும். அந்த அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் படித்தவர்கள். அவன் ‘மெயின் ரோடு’ என்று நினைத்துக்கொண்டு ‘மெ’ என்று எழுதி, தாளைக் கவிழ்த்து வைத்தான்.

படித்தவன்தான் அவன். பெருமைப்பட எவ்வளவோ இருந்தது அவனிடம். அந்தப் பெருமைதான் அன்றைக்கு அவன் வாயை மூடியது.

*

பிப்ரவரி இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவனின் போனுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. பன்னிரண்டு தலைமையாசிரியர்களுக்கும் தேவகி மேடம் அனுப்பியது. அவனுக்கும் ஒரு நகல். பள்ளிகள் ஒத்துழைத்ததற்கு நன்றி, உங்கள் மாணவர்கள் சொன்னவற்றை உங்களுக்கே திருப்பித் தருகிறோம், இதைப் பார்த்து நீங்கள் உங்கள் ஆய்வகத்தை இன்னும் நன்றாக நடத்தலாம் என்று பணிவாக எழுதியிருந்தார். கூடவே ஒரு பட்டியல். முதல் கட்டத்தில் குறியீடு. இரண்டாம் கட்டத்தில் அந்தப் பிள்ளை எழுதிய வாசகம், எழுத்துப் பிசகாமல்.

அருள்தாஸ் நெல்லேரிப்பாக்கம் பக்கத்தைத் திறந்தான். பெரும்பாலும் “நன்றாக இருந்தது”, “சோதனைகள் பிடித்திருந்தன”. பதினெட்டாவது வரியில்:

ஆ-கா-14. “சுழற்சி அட்டவணை சுவரில் மட்டும்தான் இருக்கிறது. ஆராய்ச்சிக்காரர் வரும் நாளில் மட்டும் எங்கள் கையில் ப்யூரெட்டைக் கொடுத்து நிற்க வைப்பார்கள். இரண்டு வருடமாக நாங்கள் நாலு பேரும் தொட்டி மேசைதான். எனக்குக் கழுவத்தான் தெரியும். நான் நர்சிங் படிக்க வேண்டும். அங்கே போய் கையில் கொடுத்தால் நான் என்ன செய்வேன்?”

ஆராய்ச்சிக்காரர் என்றால் அவன்தான். அந்த நாலு பேரும் ப்யூரெட்டோடு நின்றதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பியதும் அவன்தான்.

ஆ. பிரிஸ்கில்லாவின் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்த அம்மா, ஆண்டாளம்மாள். கா. காலனி. அவன் அறிந்த அளவில் அந்த வகுப்பில் காலனியிலிருந்து வருகிறவர்கள் மொத்தமே நாலு பேர். செய்முறைத் தேர்வு திங்கட்கிழமை.

பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. தேவகி மேடத்தைக் கூப்பிட்டான். அவர் ஒரு கூட்டத்தில் இருந்தார். “பேரே இல்லையே அருள், என்ன பிரச்சனை?” என்று மெதுவான குரலில் கேட்டுவிட்டு, அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

*

மறுநாள் காலை பள்ளிக்குப் போனபோது அவனுக்காகவே நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள்.

“வாங்க தம்பி, உக்காருங்க” என்றார் தலைமையாசிரியர் தாண்டவராயன். இன்னும் ஒரு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. பக்கத்தில் மோகன்குமார் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். “டீ சொல்லியிருக்கேன். சாப்ட்டுட்டுப் பேசலாம்.”

டீ வந்தது. அருள்தாஸ் குடித்து முடிக்கும் வரை இரண்டு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ரகசிய ஓட்டுக்கே பேர் போன ஊரு தம்பி நம்ம உத்திரமேரூர்” என்று ஆரம்பித்தார் தாண்டவராயன். “ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே குடவோலை. கோயில் சுவத்துலயே எழுதி வச்சிருக்காங்க. ஆனா பாருங்க, யார் பேரப் பானைக்குள்ள போடலாம்னு அதுலயே ஒரு தகுதியும் வச்சிருந்தாங்க. நெலம் இருக்கணும், இன்னும் என்னென்னமோ இருக்கணும். சும்மா யார் வேணும்னாலும் எதையும் எழுதிப் போட்டுட முடியாது.”

“சார், அந்த லிஸ்டு உங்களுக்கு வந்திருக்கவே கூடாது. குறியீட்டோட அனுப்பினது தப்பு—”

“தப்பு ஒன்னும் இல்ல. ஆ-ன்னு ஆரம்பிக்கிற அம்மா, கா-ன்னு ஆரம்பிக்கிற தெரு, பதினாலாந் தேதி. அட்மிஷன் ரெஜிஸ்டர எடுத்தா அஞ்சு நிமிஷம். அதக்கூட எடுக்கல. சார் பாத்த ஒடனே சொல்லிட்டாரு.”

“ஃபார்ம் குடுத்த அன்னிக்கே தெரியும் சார்” என்றார் மோகன்குமார். “எல்லாம் முடிச்சிட்டு உக்காந்துகினு கீது. இது மட்டும் எழுதிக்கினே இருந்துச்சி.”

“இப்ப இது இதோட நிக்காது தம்பி. உங்க ரிப்போர்ட்ல ஏறும், மாவட்டத்துக்குப் போகும். சார் வாரா வாரம் ரொட்டேஷன் நடந்துச்சின்னு கையெழுத்துப் போட்டிருக்காரு. நானும் போட்டிருக்கேன். அப்ப நாங்க ரெண்டு பேரும் பொய்யா? இல்ல, அந்தப் பொண்ணு பொய். அதுவும் இல்லன்னா எழுதச் சொல்லிக் குடுத்தது நீங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கத்து ஆளுங்கதானேன்னு வெளியில பேசுவாங்க. நான் பேசல.”

இந்த மூன்றில் அவர் கேள்வியாகக் கேட்டுவிட்டுத் தள்ளிய முதலாவதுதான் உண்மை. அவள் எழுதியது நடந்தது. அதைச் சொல்ல அந்த அறையில் இருந்த ஒரே ஆள் அருள்தாஸ். அவன் டீ கிளாஸை மேசை மேல் வைத்துவிட்டு, எடுத்து, மறுபடியும் வைத்தான்.

தாண்டவராயன் இழுப்பறையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார்.

“பொண்ணே எழுதிக் குடுத்துட்டா. ஏதோ கோவத்துல தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிக்குங்கன்னு. இதச் சென்னைக்கு அனுப்பினா எங்க வேல முடிஞ்சிது. ஆனா பொய் சொன்ன புள்ளன்னு அவ பேரு போயிடும். அது எதுக்கு? எங்க பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைக்கும் முப்பதுக்கு முப்பதுதான். இத்தினி வருஷத்துல ஒருத்தரக் கூட விட்டதில்ல.” அவர் கண்ணாடிக் குண்டை நேராக நகர்த்தி வைத்தார். “இதுவரைக்கும்.”

வெளியே பிரார்த்தனை மணி அடித்தது.

“நீங்க ஒரு வரி குடுங்க தம்பி. கம்ப்யூட்டர்ல ஏத்தும்போது வேற பள்ளிக்கூடத்து வரி இங்க மாறி வந்துடுச்சின்னு. கவனக்குறைவு. மனுஷனுக்கு வராததா? அந்தப் பொண்ணுக்கும் ஒன்னும் இல்ல, எங்களுக்கும் ஒன்னும் இல்ல.”

மடித்த தாளை விரித்துக் காட்டுங்கள் என்று கேட்கலாம். அவன் கேட்கவில்லை. அந்தப் பெண் தனியாக இந்த அறையில் நின்று, அழுது, எழுதிக் கொடுத்திருப்பாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். அவளே பின்வாங்கிவிட்ட பிறகு தான் பிடிவாதம் பிடித்தால் அடி அவளுக்குத்தான் விழும் என்று கணக்குப் போட்டான். கணக்கு சரியாகவே வந்தது. வெள்ளைத் தாளில் அவர்கள் சொன்னபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டான். பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி., பி.எட். என்று பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது.

அவன் வாசலைத் தாண்டுவதற்குள் மோகன்குமார் அதைப் போனில் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். மத்தியானம் தேவகி மேடத்தின் செய்தி வந்தது: “உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை அருள். அந்த வரியை நீக்கிவிட்டேன். அது போன பிறகு அந்தப் பள்ளியின் முடிவுகள் மிக நன்றாக இருக்கின்றன.”

*

சனிக்கிழமை காலையில் பிரிஸ்கில்லாவின் வீட்டைத் தேடிக்கொண்டு போனான். பயப்பட வேண்டாம், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லத்தான் போனான். காலனியின் கடைசியில், பாதி கட்டி நின்ற தொகுப்பு வீடு. அம்மா ஆண்டாளம்மாள் நூறு நாள் வேலைக்குப் போகாமல் அன்று வீட்டில் இருந்தாள். பத்தாவது படிக்கும் தங்கை அம்முலு குழாயடியில் குடம் வைத்துவிட்டு வந்து நின்றாள்.

“அந்த லெட்டரப் பத்திக் கவலப்படாதம்மா” என்றான் அருள்தாஸ். “நீ மன்னிப்புக் கேட்டு எழுதினத அவங்க அனுப்ப மாட்டாங்க. நானே எம்மேல போட்டுக்கினு எழுதிக் குடுத்துட்டேன்.”

பிரிஸ்கில்லா புரியாமல் பார்த்தாள்.

“எந்த லெட்டருண்ணா?”

“ஹெச்.எம். கிட்ட நீ—”

“நான் ஒன்னும் எழுதிக் குடுக்கலியே. வியாழக்கெழம சாயந்தரம் ஸ்பெஷல் கிளாஸுலயும் நேத்து காலையில பிரேயருக்கு முன்னாடியுமா மூணு தபா கூப்ட்டாங்க. எழுது எழுதுன்னாங்க. எழுத மாட்டன்னு நின்னுட்டேன். நீங்க கீறீங்கன்ற தைரியந்தான்.” சட்டென்று அவள் முகம் மாறியது. “நீங்க இன்னா எழுதிக் குடுத்தீங்க?”

அவன் சொன்னான். முழுசாகச் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அப்ப நான் எழுதினது நான் எழுதினதே இல்லன்னு நீங்களே எழுதிட்டீங்க.”

“உனக்கு மார்க்கு—”

“மார்க்கு அவங்க குடுக்கறது. அது நான் எழுதினது.”

அவள் குரல் உயரவில்லை. எழுந்து உள்ளே போனாள். அம்முலு அக்கா பின்னாலேயே போய்விட்டு உடனே திரும்பி வந்தாள்.

ஆண்டாளம்மாள் மட்டும் அசையவில்லை. “அவ பேசறத உடு நைனா. மூடுனது மூடுனதாவே கெடக்கட்டும். நாளன்னிக்குப் பரிச்ச. ஏதாவது பேசினா இவளுக்குத்தான் பேஜாரு. உன்னோட ஆராய்ச்சிக்கு இன்னாத்துக்கு எம்பொண்ணு?”

அவன் எழுந்துகொண்டான். கிளம்பும்போது பிரிஸ்கில்லா வாசலுக்கு வந்தாள்.

“பரிச்ச முடிஞ்சப்புறம் நெசத்த எழுதி அனுப்புவீங்களா?”

“முடிஞ்ச அடுத்த நிமிஷம் அனுப்பறேன்.”

“அம்மாவுக்குச் சொல்லாதீங்க” என்றாள்.

*

திங்கட்கிழமை பள்ளிக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் காலையிலிருந்தே அருள்தாஸ் உட்கார்ந்திருந்தான். போனில் செய்தி தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ‘மேடம், வெள்ளிக்கிழமை நான் கொடுத்த கடிதம் பொய். அந்த வரி அந்த மாணவி எழுதியதுதான். அதில் உள்ளதும் உண்மை. பயந்து எழுதிக் கொடுத்தேன்.’ பத்துத் தடவையாவது படித்திருப்பான்.

மூன்றாவது பிரிவுக்குத் தேர்வு பன்னிரண்டரைக்கு முடிந்தது. பிரிஸ்கில்லா வெளியே வந்தாள். தூரத்திலிருந்தே அவள் சிரிப்பது தெரிந்தது. விரல் நுனியெல்லாம் பர்மாங்கனேட்டின் பழுப்புக் கறை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவன் அனுப்பு என்பதை அழுத்தினான்.

“வந்துடுச்சிண்ணா. ரெண்டு தபா பண்ணேன், ரெண்டு தபாவும் ஒரே ரீடிங். வெளியூர்லருந்து வந்த மேடம் பக்கத்துல நின்னு பாத்தாங்க. நல்லா பண்றியே, எத்தினி தபா பண்ணியிருக்கன்னாங்க.”

“இன்னா சொன்ன?”

“இதான் மொதல் தபான்னேன். நம்பல. கழுவும்போது ப்யூரெட்டுல தண்ணிய ஊத்திக் குழாயத் திருப்பித் திருப்பி, சொட்டுச் சொட்டா உட்டுப் பழகிக்கினு இருந்தேன். யாரும் பாக்காதப்ப.” அவள் கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். “மார்க்குக் கூடப் போட்டுட்டாங்க. பென்சில்ல.”

“பென்சில்லயா?”

“எல்லாருக்கும் அப்டித்தான். எல்லா பேட்சும் முடிஞ்சப்புறம் பேனாவுல எழுதுவாங்களாம்.”

அருள்தாஸ் போனைப் பார்த்தான். பதில் வந்திருந்தது. செய்தியாக வரவில்லை, மின்னஞ்சலாக. தேவகி மேடம் எதையும் முறைப்படி செய்கிறவர். “நீங்கள் நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. இது மிகக் கடுமையான விஷயம். இரு தரப்பையும் கேட்பது நியாயம் என்பதால் உங்கள் செய்தியை இத்துடன் இணைத்துப் பள்ளியிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன்.” பெறுநர் வரிசையில் தாண்டவராயனின் முகவரி முதலில் இருந்தது.

“இங்கயே நில்லு” என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினான்.

ஆய்வகக் கதவு சாத்தியிருந்தது. தட்டாமல் திறந்தான். உள்ளே மோகன்குமாரும், செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளர் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் மதிப்பெண் தாள்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்துத் தேர்வு எழுத வந்த கடைசிப் பிரிவுப் பிள்ளைகள் குடுவைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“மேடம், மூணாவது பேட்சுல கடைசியா செஞ்ச பொண்ணு. அவ மார்க்க இப்பவே பேனாவுல எழுதிடுங்க. தயவுசெஞ்சி.”

“நீங்க யாரு?”

“அவரு எக்ஸாமுக்குச் சம்பந்தம் இல்லாத ஆளு மேடம்” என்றார் மோகன்குமார். “வெளிய போய்யா.”

அந்த அம்மா அருள்தாஸைப் பார்த்தார். பிறகு மோகன்குமாரைப் பார்த்தார். அப்புறம் தன் தாளை இழுத்து, ஒரு வரியில் விரலை வைத்துத் தேடி, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“நல்லா செஞ்ச பொண்ணு. இருபதுக்கு இருபது போட்டிருந்தேன். அப்படியே எழுதறேன்.” எழுதினார். “என் கையில இருக்கறது இந்த இருபதுதான் தம்பி. மிச்சம் பத்து உள்மதிப்பீடு. அது சார் போடறது. அதுல நான் ஒன்னும் சொல்ல முடியாது.”

மோகன்குமாரின் தாளில் அந்தப் பெயருக்கு நேரே பென்சிலில் ‘10’ என்று இருந்தது. அருள்தாஸின் கண்ணெதிரே அவர் அதை அழிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. தாண்டவராயன் வாசலில் வந்து நின்றார். ஒரு கையில் போன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். முகத்தில் கோபமே இல்லை.

“வாங்க தம்பி, இங்கதான் இருக்கீங்களா” என்றார். “டீ சொல்லட்டுமா?”

*

மே மாதம் முடிவு வந்தது. அந்த வகுப்பில் எல்லாருக்கும் வேதியியல் செய்முறைக்கு முப்பது. ஒருத்திக்கு மட்டும் இருபத்திரண்டு.

அதற்குள் அருள்தாஸின் ஒப்பந்தம் முடிந்துபோயிருந்தது, புதுப்பிக்கவில்லை. நெல்லேரிப்பாக்கத்தின் தரவுகள் நம்பகமானவை அல்ல என்று அந்தப் பள்ளியையே அறிக்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மற்ற ஐந்து பள்ளிகளில் சுழற்சி முறையால் கற்றலும் ஈடுபாடும் கூடின என்று அறிக்கை சொன்னது. அங்கேயெல்லாம் அது உண்மையாகவே கூடியிருக்கலாம். அவன் இப்போது சாலவாக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரில் வேதியியல் எடுக்கிறான். வாசல் நிலைக்கு மேலே படம் அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் கீழே குனிந்து உள்ளே போகும்போது அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எட்டு மதிப்பெண். போன வருடம் அரசு நர்சிங் கல்லூரியில் கடைசி இடம் எந்தக் கட் ஆஃபில் நின்றது என்று பிரிஸ்கில்லா விசாரித்து வைத்திருந்தாள். அந்த எட்டு இருந்தால் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் வரிசையில் அவளுக்கு முன்னால் நூறு பேராவது நிற்பார்கள். அந்தப் பத்துக்கு இரண்டு எப்படிப் போட்டார்கள், வருகைக்கு எவ்வளவு, பதிவேட்டுக்கு எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்றாள். எழுதித் தரச் சொல்லி அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அவன் எழுதிக்கொண்டு போனான். அவள் படித்துப் பார்த்தாள். “எனக்கு மட்டும்” என்று அவன் எழுதியிருந்த இடத்தை அடித்துவிட்டு, தொட்டி மேசையில் நின்ற நாலு பேரின் பெயரையும் அப்பா பெயரோடு வரிசையாக எழுதினாள். “ஒரே மேசையில நின்னோம். அவங்களுக்குப் பத்து, எனக்கு ரெண்டுன்னா எப்டின்னு கேக்கணும்” என்றாள். மற்ற மூன்று பேரிடமும் கேட்டுவிட்டாளா என்று அவன் கேட்டான். “கேட்டுட்டேன். ரெண்டு பேரு போட்டுக்கோன்னாங்க. ஒருத்தி அழுதா. அப்புறம் அவளும் போட்டுக்கோன்னா.” கையெழுத்துப் போட்டாள்.

ஆண்டாளம்மாள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை எதையும் தடுக்கவில்லை. கேட்க மட்டும் செய்தாள்.

“இத்த எங்க அனுப்பணும்?”

“மொதல்ல அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான். ஹெச்.எம். கைக்குத்தான் போவும்.”

“பதிலு எத்தினி நாள்ல வரும்?”

“முப்பது நாளுக்குள்ள.”

“அங்க பதினொன்னாவதுக்கு எப்பத்திலருந்து சேக்கறாங்க?”

அருள்தாஸ் மனதுக்குள் எண்ணினான். பக்கத்தில் அம்முலு தன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அறிவியலில் தொண்ணூற்றொன்று. அறிவியல் பிரிவு இருக்கிற வேறு பள்ளிக்கூடம் உத்திரமேரூரில்தான். அங்கே பள்ளி நேரத்துக்குப் போய்ச் சேரக் காலையில் பஸ் இல்லை.

“பத்து நாள்ல” என்றான்.

ஆண்டாளம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பிரிஸ்கில்லா மனுவை மடித்து உறைக்குள் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டினாள். தபால் இரண்டு நாளில் போய்விடும். தாண்டவராயனின் மேசைக்கு முதலில் அது போய்ச் சேரும். அதற்குப் பின்னால் அம்முலு போய் அந்த மேசைக்கு முன்னால் நிற்பாள்.